ஒன்றேகால் மணி ஸ்கேன்

"எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன் மேடம். ஒண்ணு மட்டும் ஆகமாட்டேங்கு."

நம்பிராஜன் வாசலில் நின்றபடியே சொன்னார். மூன்றாம் மாடிக்கு ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

ஃபௌசியா திரும்பிப் பார்க்கவில்லை.

"எது?"

"ஆனைக்கால் மேடு."

"எத்தனை நாளா?"

"இன்னையோட பன்னெண்டு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே வரலாம் என்று அதற்கு அர்த்தம். நம்பிராஜன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அவளுக்கு முப்பத்தாறு. வயதை வைத்துப் பார்த்தால் யார் யாருக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்பதில் சந்தேகம் வராது. ஆனால் சொல்வதைக் கேட்காத கணினிகளைப் பற்றி நம்பிராஜனுக்குத் தெரிந்ததெல்லாம் அவளிடம் கற்றதுதான். அலுவலகத்தில் இதை வைத்துக் கேலி பேசுவார்கள். பேசிக்கொள்ளட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

அவளும் லேசில் வாய் திறப்பவள் இல்லை. படியேறிப் போனால் ஒரு வார்த்தை கிடைக்கும். சில நாள் அதுவும் கிடைக்காது, ஒரு பார்வையோடு இறங்கி வர வேண்டியதுதான்.

அது ஒரு குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகம். மூன்றாம் மாடி முழுக்க சர்வர்கள். அவற்றின் இரைச்சலுக்கும் குளிருக்கும் நடுவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஃபௌசியா.

இரண்டாம் மாடியில் நம்பிராஜன். வாரியத்தில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கணினிகள், மலைமேல் ஆனைக்கால் மேடு பம்பு நிலையத்தில் இருக்கும் ஒன்றையும் சேர்த்து. அவற்றில் திருடன் நுழைகிற மாதிரி ஓட்டை இருக்கிறதா என்று தினமும் ஒரு மென்பொருளை விட்டுத் தேடுவது அவர் வேலை. ஓட்டை இருந்தால் ஒட்டுப் போட வேண்டும். தேடுவதற்கு ஸ்கேன் என்று பெயர், ஒட்டுக்குப் பேட்ச் என்று பெயர். இந்த வேலை ஒழுங்காக நடந்தால் யாருக்கும் தெரியாது. யாருக்காவது தெரிந்துவிட்டால் ஒழுங்காக நடக்கவில்லை என்று அர்த்தம்.

ஸ்கேன் ஓடும்போது கணினி ஆமை மாதிரி நகரும். அதனால் எல்லோரும் சாப்பிடப் போகிற ஒன்றேகாலிலிருந்து ஒன்றேமுக்கால் வரை, அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்கள் டிபன் பாக்ஸோடு கீழே வேப்பமரத்தடிக்குப் போவார்கள். நம்பிராஜன் திரையின் முன்னால் உட்கார்ந்து பச்சை வரிகளை எண்ணுவார். அவர்கள் கை கழுவிவிட்டு மேலே வரும்போது இவர் தன் டிபன் பாக்ஸைத் திறப்பார். எட்டு வருடமாக இப்படித்தான். முதல் வருடம் "வாங்க சார், சாப்பிடலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

"என்னென்ன பாத்தீய?" என்றாள் ஃபௌசியா.

நம்பிராஜன் இதற்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார். அங்கே இருக்கும் கணினியில் நம் ஸ்கேனுக்குப் பதில் சொல்கிற ஏஜென்ட் என்ற சின்ன மென்பொருளை நிறுத்தித் திரும்ப ஓட விட்டார். பிறகு அதை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். கடவுச்சொல்லை மாற்றினார். தேதி சரியா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, ஃபயர்வால் வழிவிடுகிறதா, எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. ஸ்கேன் ஆரம்பித்து மூன்று நான்கு நிமிடம் ஓடும். முப்பது, முப்பத்தைந்து சதவீதம் வரை போகும். பிறகு வரி சிவந்துவிடும். தொடர்பு இல்லை என்று சொல்லும்.

"யார்கிட்ட கேட்டீய?"

"அங்க இருக்க ஆபரேட்டர்கிட்டதான். தெனமும் செவந்த ஒடனே போன் போட்டுக் கேக்கேன். அவரும் பாவம், மணி அடிச்ச மறுநொடியே எடுத்துருவாரு. வயரைப் பாருன்னா பாப்பாரு. லைட்டைப் பாருன்னா பாப்பாரு. பச்சை எரியுது சார்ம்பாரு. அதுக்கு அடுத்தது ஆரஞ்சு சார்ம்பாரு. ஒவ்வொண்ணா சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒண்ணேமுக்கால் ஆயிரும். நேரம் போயிரும்."

"பதினஞ்சு ஆனா?"

அவள் கேட்டது விதியைப் பற்றி. போன வருடம் வேறொரு வாரியத்தில் திருடர்கள் வலைவழியாக உள்ளே புகுந்து எல்லாக் கணினிகளையும் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த விதி அது. தொடர்ந்து பதினைந்து வேலைநாள் ஒரு கணினியில் ஸ்கேன் முடியவில்லை என்றால், அந்தக் கணினி இருக்கும் இடத்தின் இணைப்பையே துண்டித்துவிட வேண்டும். பதினைந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு. துண்டிக்க வேண்டியவர் நம்பிராஜன்.

"வெட்டணும் மேடம். வெட்டிட்டா போனும் போயிரும். அங்க கம்ப்யூட்டரும் போனும் ஒரே லைன். செல்லுல சிக்னலும் கெடையாது. திரும்ப லைன் வாங்க மூணு மாசம் ஆகும். ஒத்தை ஆளு மேடம். திங்கக்கெழமை மலை ஏறுனா சனிக்கெழமை மாத்து ஆளு வந்தாத்தான் எறங்குவாரு. ராத்திரி ஒரு பாம்பு கடிச்சாகூட யாருக்குச் சொல்லுவாரு?"

ஃபௌசியா அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பன்னிரண்டு சிவப்பு வரிகள்.

"தோத்த நாளா கொண்டுவந்திருக்கீய" என்றாள். "ஜெயிச்ச நாள் எங்க?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஒன்று பத்தொன்பதுக்கு ஆனைக்கால் மேடு மறுபடியும் சிவந்தது. பதின்மூன்று.

அன்று காலையிலேயே நம்பிராஜன் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்திருந்தார். இந்தச் சிக்கல் பன்னிரண்டு நாளில் முளைத்தது இல்லை, இரண்டரை மாதமாகவே இருந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாள் சிவப்பு, ஒருநாள் பச்சை, மறுபடியும் சிவப்பு. அந்த ஒருநாள் பச்சை வரும்போதெல்லாம் கணக்கு முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவதால் பதினைந்தைத் தொட்டதே இல்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. அவர் கண்ணிலும்தான்.

"நாலே நாலு நாள் மேடம்" என்று மாடிக்குப் போய்த் தேதிகளைக் காட்டினார்.

"அந்த நாலு நாளும் அங்க என்ன இருந்துச்சு?"

"அதே கம்ப்யூட்டர்தான் மேடம். அதே ஏஜென்ட்தான், அதே லைன்தான்..."

"என்ன இருந்துச்சுன்னு கேட்டேன்."

நம்பிராஜன் இறங்கி வந்தார். மின்வாரியத்தின் மின்தடைப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பொருந்தவில்லை. மழைக் கணக்கைப் பார்த்தார். பொருந்தவில்லை. அலுவலகம் முடியும் நேரத்தில், வேறு வழி தெரியாமல், ஸ்டோர் வாசலில் வண்டிகள் போய்வரும் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

நான்கு தேதிகளும் அதில் இருந்தன. நான்கு நாளும் பிளீச்சிங் பவுடர் லாரி ஆனைக்கால் மேட்டுக்குப் போயிருந்தது.

லாரிக்கும் ஸ்கேனுக்கும் என்ன சம்பந்தம்? மூட்டை இறக்கும்போது பம்பை நிறுத்துவார்களோ? பம்பு நின்றால் மின்னழுத்தம் சீராகுமோ? வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே மூன்று விதமான காரணங்களைக் கண்டுபிடித்தார். வீட்டில் அவற்றைச் சொல்வதற்கு யாரும் இல்லை. மகள் பெங்களூரில். மனைவி போய் நாலு வருடம். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படுத்தார்.

புதன்கிழமை காலை லாரி ஷெட்டிலேயே நின்றது. டிரைவர் சுடலைமுத்து அதன் அடியில் படுத்துக் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"எப்ப கெளம்பும்?" என்று கேட்டார் நம்பிராஜன்.

"அடுத்த வாரம் சார். சாமான் மதுரையில இருந்து வரணும்."

அடுத்த வாரம் வரை நாள் இல்லை. நம்பிராஜன் குனிந்து லாரிக்கு அடியில் பேசினார்.

"ஆனைக்கால் மேட்டுக்குப் போவியே. மதியம் ஒரு ஒண்ணேகாலுக்கு அங்க என்ன செய்வீய?"

"சோறு திம்போம் சார்."

"பம்பை நிறுத்துவீயளா?"

"நாங்க எதுக்கு சார் அதைத் தொடுதோம்?"

"கம்ப்யூட்டரை?"

சுடலைமுத்து லாரிக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டி இவரை ஒருமாதிரி பார்த்தார்.

"சோறுதான் சார் திம்போம். ஆபரேட்டர் ஞானதிரவியம் அண்ணாச்சியும் கூட உக்காந்து திம்பாரு. வுடவே மாட்டாரு சார். கருவாட்டை எடுத்து வைப்பாரு, மோர் மொளகாயைப் பொரிச்சு வைப்பாரு. கெளம்புதோம்னு எந்திரிச்சா இன்னொரு கரண்டி சோத்தைப் போட்டு உக்கார வச்சிருவாரு. மூணு மணிக்கு முன்னாடி நாங்க எறங்குனதே கெடையாது."

பயனில்லாத தகவல். நம்பிராஜன் தாளில் இருந்த மூன்று காரணங்களையும் அடித்துவிட்டு மாடியேறினார்.

ஒன்று பதினெட்டுக்குச் சிவந்தது. பதினான்கு. போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தார் ஞானதிரவியம். "பச்சை எரியுது சார். ரெண்டாவது ஆரஞ்சு சார். மூணாவதும் பச்சைதான் சார். கொஞ்சம் இருங்க, தொடச்சிட்டுப் பாக்கேன்."

"சரி, வைங்க" என்றார் நம்பிராஜன்.

இரண்டு மணிக்கு மூன்றாம் மாடியில் ஃபௌசியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சர்வர் அறையில் சாப்பிடக் கூடாது என்பதால் கதவுக்கு வெளியே, படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு டப்பா. எலுமிச்சைச் சாதம்.

"லாரிக்காரங்க சோறுதான் தின்னாங்களாம் மேடம்" என்றார் நம்பிராஜன். "அந்த ஆளுகூட உக்காந்து தின்னாங்களாம். அதுக்கும் ஸ்கேனுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? வேற எதையோ நான் வுட்டுட்டேன்."

அவள் டப்பாவை மூடினாள். பாதிச் சாதம் உள்ளேயே இருந்தது. கொஞ்ச நேரம் கீழே போகும் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பதினஞ்சு."

"ஆமா மேடம்."

"ஒண்ணு பத்துக்குப் போன் போடுங்க."

"ஸ்கேனே ஒண்ணேகாலுக்குத்தான் மேடம் ஆரம்பிக்கும்."

"தெரியும்."

"ஒண்ணும் ஆகுறதுக்கு முன்னாடியே போன் போட்டு என்னத்தக் கேக்க?"

"என்ன கொழம்புன்னு கேளுங்க."

நம்பிராஜனுக்குச் சுருக்கென்றது. பதினான்கு நாளாகத் தூக்கம் போய்த் திரிகிறவனிடம் விளையாடுகிறாள் என்று நினைத்தார். விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை ஒன்று பத்துக்கு மாடி காலியாக இருந்தது. கீழே மரத்தடியில் யாரோ எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

நம்பிராஜன் போனைக் கையில் எடுத்தார். வைத்தார். எட்டு வருடத்தில் இந்தப் போனில் ஒரு பழுதைச் சொல்லாமல் யாரிடமும் பேசியதில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கடைசியில், மேடத்தின் பேச்சைக் கேட்காமல்தான் இணைப்பு போனது என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்பதற்காக எண்களை அழுத்தினார்.

மணி அடித்தது. இரண்டாவது மணி. மூன்றாவது. நான்காவது. இத்தனை நாளில் முதல் முறையாக அந்தப் பக்கம் எடுக்கத் தாமதமானது.

"சார்?" ஞானதிரவியத்தின் குரலில் பயம் இருந்தது. "என்ன சார், எதும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மாவா சார்?"

"ஆமா." நம்பிராஜன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இன்னைக்கு என்ன கொழம்பு?"

போன் அணைந்துவிட்டதோ என்று இவர் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"புளிக்கொழம்பு சார்" என்று வந்தது பதில். "நேத்து வச்சது. மிச்சம் கெடந்துச்சு."

"ஒரு ஆளுக்கு வச்சா எப்படி மிஞ்சும்?"

"கை அப்படிப் பழகிருச்சு சார். பொன்னையா அண்ணன் சித்திரையில ரிட்டையர் ஆனாருல்ல. அவருக்கும் சேத்தே வச்சு பதினோரு வருஷம். இப்பவும் ரெண்டு பேருக்குத்தான் வைக்கேன். கொறைச்சு வச்சா உப்புக் கணக்குத் தப்பிப்போவுது."

"அவருக்குப் பதிலா ஆளு போடலையா?"

"போடுவாங்கன்னாங்க சார்."

ஒன்றேகால். திரையில் ஸ்கேன் ஆரம்பித்தது. இருநூற்றுப் பதினான்கு வரிகளும் ஒன்றாக நகர்ந்தன. நம்பிராஜனின் கண் ஒன்றில் மட்டும் இருந்தது.

ஞானதிரவியம் பேசிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று பேசியவர் மெல்ல மெல்லத் தானாகவே பேசத் தொடங்கினார். பொன்னையா அண்ணன் இருந்தால் சீட்டு விளையாடுவார்களாம். இப்போது ஒற்றை ஆளாக ரெண்டு கையையும் தானே பிடித்து விளையாடுகிறாராம். பின்னால் தொட்டிப் பக்கம் ஒரு மந்தி குட்டியோடு வருகிறதாம். சோற்றை வைத்தால் எடுத்துக்கொண்டு ஓடிவிடுமாம், உட்கார்ந்து தின்னாதாம். அதுதான் வருத்தமாம்.

பதினாறு சதவீதம். இருபத்தொன்பது.

"நேத்து சாயங்காலம் பம்பு சத்தம் நின்ன பிறகு நானே என் பேரைச் சத்தமாச் சொல்லிப் பாத்தேன் சார்" என்றார் ஞானதிரவியம். சொல்லிவிட்டுச் சிரித்தார். "தொண்டை இருக்கான்னு பாத்தேன்."

முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. நாற்பத்தேழு.

"சார், லைன்ல இருக்கீயளா?"

"இருக்கேன், இருக்கேன். சொல்லுங்க."

அறுபது. எழுபத்திரண்டு. இத்தனை தூரம் அந்த வரி வந்து மூன்று வாரமாகிறது. வேறு எதையும் நான் மாற்றவில்லையே, என்ன நடந்தது என்று நம்பிராஜன் மனதுக்குள் குழம்பினார்.

"நீங்க கூப்டுவீயன்னு தெரியும் சார்" என்றார் ஞானதிரவியம். அவர் குரல் இப்போது நன்றாகத் திறந்திருந்தது. "ஆனா இன்னைக்கு முன்னாடியே கூப்ட்டுட்டீய. நான் இன்னும் கம்ப்யூட்டர் வயரைப் புடுங்கவே இல்ல."

சொன்னவருக்கும் கேட்டவருக்கும் ஒரே நேரத்தில் அது விளங்கியது.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் பம்பு ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எண்பத்தெட்டு. தொண்ணூற்று நாலு. நூறு. வரி பச்சையானது.

"வச்சிருதேன் சார்" என்றார் ஞானதிரவியம். அது கேட்கவே முடியாத அளவுக்குச் சின்னக் குரல்.

இருநூற்றுப் பதினான்கும் பச்சை. நம்பிராஜன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு வந்ததோ கோபம். காதுமடல் சுடுகிற மாதிரிக் கோபம். நான் தேதியைப் பார்த்தேன், டிஸ்க்கைப் பார்த்தேன், லாரிக்கு அடியில் குனிந்து மானத்தை விட்டேன். அங்கே ஒருவன் உட்கார்ந்துகொண்டு தினமும் வயரைப் பிடுங்கி, போன் வரும் வரை காத்திருந்து, பிறகு செருகிவிட்டு, பச்சை சார், ஆரஞ்சு சார் என்று எனக்கே கதை சொல்லியிருக்கிறான்.

இத்தனை நாள் சிவந்திருந்த கணினி பச்சையானால் ஓர் அறிக்கை எழுத வேண்டும். பழுது இருந்த இடம், காரணம், எடுத்த நடவடிக்கை என்று மூன்று கட்டங்கள். நம்பிராஜன் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார். இடம்: ஆனைக்கால் மேடு. காரணம்: ஆபரேட்டர் வேண்டுமென்றே இணைப்பைப் பிடுங்கியது.

வேண்டுமென்றே பிடுங்கினால் என்ன ஆகும் என்பதும் அதே விதியில் இருந்தது. ஸ்கேன் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அன்றே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அது தெரிந்துதான் எழுதினார்.

அறிக்கையில் மூன்றாம் மாடிக் கையெழுத்தும் வேண்டும். ஏறினார்.

"அந்த ஆளு வேணும்னே பண்ணியிருக்கான் மேடம்!"

ஃபௌசியா அறிக்கையை வாங்கிப் படித்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் நம்பிராஜன்.

அவள் மேசைக்குக் கீழே குனிந்து தடியான ஒரு நோட்டை எடுத்து வைத்தாள். சர்வர் அறைக்குள் யார் வந்தாலும் நேரமும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு. ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

"மார்ச் நாலு. கணக்குப் பிரிவு கம்ப்யூட்டர்ல ஏஜென்ட் நின்னுபோச்சு, என்ன செய்யன்னு தெரியலைன்னு வந்தீய. நீங்க எழுதின நேரம் பதினொண்ணு நாப்பது."

"ஆமா."

அவள் தன் திரையில் எதையோ தட்டினாள். ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"அந்த ஏஜென்ட் திரும்ப ஓட ஆரம்பிச்சது பதினொண்ணு அஞ்சு."

நம்பிராஜன் திரையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"ஏப்ரல் பத்தொம்பது. பேட்ச் எறங்கமாட்டேங்குன்னு வந்தீய. மூணேகால். அது எறங்கி முடிஞ்சது ரெண்டரை." பக்கத்தைப் புரட்டினாள். "ஜூன் ரெண்டு..."

"போதும் மேடம்."

"நான் இங்க வந்த ஆறு வருஷத்துல நூத்திப் பன்னெண்டு தடவை வந்திருக்கீய அண்ணாச்சி. எழுவது தடவை நீங்களே சரிபண்ணிட்டுத்தான் வந்திருக்கீய." அவள் நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். "நான் அறிக்கை எழுதலையே."

நம்பிராஜன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. பழுது சரியாகும், வரி பச்சையாகும், அதற்குப் பிறகு இரண்டாம் மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கும். சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஒருவரிடம் போக முடியுமா? அதனால் சரியாகவில்லை என்று சொல்லிக்கொண்டு படியேறுவார். அவள் இரண்டு வார்த்தை பேசுவாள். அது அன்றைக்குப் போதுமானதாக இருக்கும். இப்போது நினைத்தால் அவருக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. அந்த அழுகையை அவர் மறைக்கவும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கம் முழுக்க அவர் கையெழுத்து. அதற்கு முந்திய பக்கமும் அவர் கையெழுத்து. நடுவில் எங்கேயோ ஏ.சி. பழுதுபார்க்க வந்தவரின் பெயர் ஒன்று. பிறகு மறுபடியும் அவர்தான். வேறு யாரும் இந்த மாடிக்கு ஏறி வந்ததாகத் தெரியவில்லை.

ஃபௌசியா சர்வர்களின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம்பிராஜன் அறிக்கையை இழுத்து வைத்துக்கொண்டார். காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்தார். இணைப்பில் கவனக்குறைவு என்று எழுதினார். இடம் என்ற கட்டத்தில் ஆனைக்கால் மேடு என்பதையும் அடித்தார். அதன் மேல், தலைமை அலுவலகம், இரண்டாம் மாடி என்று எழுதினார்.

கையெழுத்துக்காக அவளிடம் நீட்டினார்.

ஃபௌசியா படித்தாள். பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இரண்டாம் மாடி என்பதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இரண்டு சொல் சேர்த்தாள்.

மூன்றாம் மாடியும்.